சனி போன மறுநாள்

ஏஜியன் கடலில் டீலோஸ் என்றொரு சிறு தீவு உண்டு. அப்போலோ தேவன் அவதரித்த ஸ்தலம் என்று கிரேக்கர்கள் கொண்டாடிய அந்தப் புண்ணிய பூமியில் இனி யாரும் பிறக்கவும் கூடாது, இறக்கவும் கூடாது என்று கி.மு. 426-இல் ஏதென்ஸ் நகரத்தார் விதித்து, அங்கிருந்த கல்லறைகளையெல்லாம் தோண்டி அப்புறப்படுத்தினார்கள். இன்றைக்கும் பக்கத்துத் தீவான மைக்கனோஸிலிருந்து படகேறி வருகிற யாத்திரிகர்கள் இடிந்த ஆலயங்களைப் பார்த்துவிட்டு இருட்டுமுன் திரும்பிவிட வேண்டுமே தவிர, இரவு தங்க அனுமதி கிடையாது. தம்பதியர் சாவகாசமாகத் தங்கிச் சக பிரயாணிகளோடு அளவளாவிவரக் கிரேக்கத் தீவுகளைப்போல் வேறில்லை என்று பத்திரிகைகள் எழுதிவரும் இந்நாளில், அதே ரீதியில் ஒரு கட்டுரை வேண்டுமென்று கேட்கப்பட்டபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவை, யாரும் தங்கக்கூடாத இந்தத் தீவும், எவ்விதத் தடையும் இல்லாமலே யாரும் தங்காத நம் குச்சனூரும்தான். அப்போலோவைச் சூரியனாகவே பின்னாளில் பாவித்தார்கள். குச்சனூரில் கோயில்கொண்டிருப்பவரோ சூரியனுடைய பிள்ளையான சனீஸ்வரர்.

சுயம்பு மூர்த்தி, தினகர மன்னன் கதை, மஞ்சள் காப்பு, சோணைக் கருப்பருக்கு நடக்கும் மதுப் படையல் ஆகிய எல்லாம் வாசகர்கள் கேட்டவையே. ஆடி மாதத்துச் சனிக்கிழமையில், மதுரை, திண்டுக்கல், விருதுநகர்ப் பக்கத்திலிருந்தும் குமுளி இறங்கிக் கேரளத்திலிருந்தும் வரும் வேன்கள், சின்னமனூர்ச் சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. ஜனங்கள் இறங்குகிறார்கள், சுரபி நதி என்று வழங்கும் முல்லைப் பெரியாற்று வாய்க்காலில் முழுகுகிறார்கள், எள் தீபம் ஏற்றிக் காக்கைக்கு ஒரு பிடி சாதம் வைத்துவிட்டு, அது கொத்தியதோ இல்லையோ, சுருளி அருவிக்கும் தேக்கடிக்கும் புறப்பட்டுவிடுகிறார்கள். சாதத்தை நின்று பார்க்கப் பொழுதில்லாதவர்களுக்கு ஊரைப் பார்க்க எங்கே பொழுது?

நானும் என் மனைவியும் வெள்ளிக்கிழமை மாலையே போய், கோயிலுக்குச் சற்று விலகிய ஒரு பழைய வீட்டின் மாடியறையில் இறங்கினோம். சௌகரியம் என்று சொல்ல ஒன்றுமில்லை. மேற்கே மலையிலிருந்து இறங்கும் ஆடிக்காற்று ஜன்னற்கதவை ராத்திரி முழுவதும் அடித்துக்கொண்டிருந்தது. வெயிலடிக்கும்போதே பொடிச்சாரல் முகத்தில் விழும் கம்பம் பள்ளத்தாக்கின் விசித்திரத்தை மாத்திரம் எத்தனை நேரமும் பார்த்துக்கொண்டிருக்கலாம். கீழே திண்ணை இருந்தது. அங்கேதான் எங்களுக்கு உறவுகள் வாய்த்தன.

ராஜபாளையத்தில் நூல்மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரும் அவர் சம்சாரமும் ஒரு பக்கம். கட்டப்பனை ஏலத்தோட்டத்திலிருந்து வந்த தம்பதி ஒரு பக்கம். இந்தப் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து இன்றைக்கும் விடியுமுன்னே ஜீப்புகளில் பெண்கள் மலையேறி, ஏலக்காய் எடுத்துவிட்டு இருட்டுகையில் இறங்குகிறார்கள். அப்படிப் போனவர்களில் ஒரு குடும்பம் மேலேயே தங்கிவிட, பேரன் தலைமுறையில் தமிழோடு மலையாளம் கலந்து பேசிக்கொண்டு அவர்கள் வந்திருந்தார்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையில் ஒரு பெட்டியை வரும் வழியில் வாங்கி வந்து, திண்ணையில் எல்லார்க்கும் நடுவே வைத்தார்கள்.

"எத்தனை நாளைக்கு இருப்பீங்க மதினி?" என்று ராஜபாளையத்து அம்மாள் என் மனைவியைக் கேட்டாள்.

"புறப்படுறவரைக்கும்" என்றாள் இவள். அந்த ஒரு வார்த்தையில் சிநேகிதம் கூடிவிட்டது. பெண்கள் மூவரும் பிள்ளைகளின் கலியாணம், மூட்டுவலி, மருமகள்கள் என்று சம்பாஷணையை வளர்க்க, ஆண்களாகிய நாங்கள் வழக்கம்போல் ஒன்றும் உருப்படியாகப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர் காலியாயிருந்தது. வாய்க்கால் ஓரமாகவே நாங்கள் யாவரும் கீழ்நோக்கி நடந்தோம். 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாற்று அணையின் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கருக்கு இருபோகம் தருகிறது என்று புத்தகத்தில் படிப்பது ஒன்று, முதல் போகத்து நடவு முடிந்த பச்சை வயலில் கால் நனைய நிற்பது வேறொன்று. அந்த ரம்மியமான காட்சியைப் பற்றியே மீதிக் கட்டுரையையும் எழுதியிருப்பேன், வழியில் அந்த மடை வராமலிருந்தால்.

மடைவாயில் ஒரு விவசாயி இடுப்பளவு தண்ணீரில் நின்று, தொரட்டிக் கம்பால் எதையோ இழுத்துக்கொண்டிருந்தார். முதலில் கறுப்பாக ஒரு வேஷ்டி வந்தது; அதைத் தொடர்ந்து முறுக்கிக்கொண்ட ஒரு சேலை, கால்சட்டை, குழந்தையின் சட்டை, எண்ணெய்ப் பாக்கெட்டுகள், திரி ஒட்டிய அகல் ஒன்று. முதல் நாள் ஸ்நானம் செய்து, தோஷம் கழிந்ததென்று உடுத்தியதைத் தண்ணீரிலேயே விட்டுப் போனவர்களின் சனி, இங்கே ஒரு குடியானவன் மடையில் பிடித்திருந்தது.

"சனிக்கிழமை அவுகளுக்கு, ஞாயித்துக்கிழமை எனக்கு" என்றார் அவர், கோபமில்லாமல்.

அவருக்குக் கோபமில்லை, எனக்கு வந்தது, இன்னும் போகவில்லை. பழைய துணியை ஆற்றில் விடும் வழக்கம் பருத்தித் துணி காலத்தில் தோன்றியிருக்க வேண்டும். பருத்தி தண்ணீரில் கிடந்தால் ஊறும், நைந்துபோகும், கடைசியில் சேற்றோடு சேறாகும். இப்போது தொரட்டியில் வந்தவற்றில் பெரும்பாலும் பாலியெஸ்டர். அது மக்குவதற்கு ஏழரை ஆண்டு காணாது. சாஸ்திரம் அப்படியே இருக்கிறது, நூல் மாறிவிட்டது என்பதை மில்லில் ஆயுளைக் கழித்த ராஜபாளையத்துக்காரர்தான் ஒவ்வொரு துணியையும் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து எங்களுக்கு விளக்கினார். மடையைத் தப்பியது வடிகால் வழியே முல்லையாற்றில் விழுகிறது. முல்லையாறு வைகையில் சேர்கிறது. வைகை, 1959-இல் கட்டப்பட்ட அணையில் தேங்கி மதுரைக்குப் போகிறது. மதுரையிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்து இங்கே தோஷத்தைக் கழித்தவருக்கு அது அவர் ஊர்த் தண்ணீரிலேயே போய்ச் சேருகிறதென்று யாராவது சொல்ல வேண்டாமா? பரிகாரம் சொல்லும் ஜோசியர்கள் தம் ஓலையில் பூகோளத்தையும் சேர்த்துக்கொண்டால் நல்லது.

ஒன்றிரண்டு மணி நேரத்து விருந்தாளிக்கு இது தெரிய நியாயமில்லை. அவன் பார்ப்பது படித்துறை. மடை ஒரு நாள் கழித்துத்தான் கண்ணில் படும். கிரேக்கத்தில் சாந்தோரினித் தீவுக்கும் இதே வியாதி. உல்லாசக் கப்பல்கள் ஆயிரக்கணக்கானவர்களைக் காலையில் இறக்கி, சாயங்காலம் ஏற்றிக்கொண்டு போகின்றன; அந்தக் கும்பல் அடிவைக்கும் குறுகிய சந்துகளில் ஊர்வாசிகள் நடக்க முடிவதில்லை. நாளொன்றுக்கு 8,000 கப்பல் பிரயாணிகளுக்கு மேல் இறங்கக்கூடாதென்று கட்டுப்பாடு வகுத்ததோடு, 2025 ஜூலை முதல் சாந்தோரினியிலும் மைக்கனோஸிலும் ஜனநெருக்கடி மிகுந்த மாதங்களில் கப்பலில் வந்து இறங்கும் ஆள் ஒன்றுக்கு 20 யூரோ வசூலிக்கிறார்கள். குச்சனூரில் தலைக்கு இவ்வளவென்று வரி போட வேண்டுமென்பது என் வாதமல்ல. படித்துறையில் துணி போட ஒரு தொட்டியும், அதைக் கண்டிப்பாய்க் காட்ட ஓர் ஆளும் இருந்தால் போதும். வேலைக்குப் போகிறவர்களுக்குச் சனி ஒருநாள் கிடைப்பதே அபூர்வம், அவர்கள் வருகையால்தான் பூக்கடையும் எண்ணெய்க்கடையும் பிழைக்கின்றன என்று வாதிப்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும், பிழைக்கட்டும், துணியை மாத்திரம் உடுத்திக்கொண்டே திரும்பட்டும்.

திங்கட்கிழமை ராஜபாளையத்துத் தம்பதியர் புறப்பட்டபோது ஒரு சங்கடம் முளைத்தது. மைத்துனருக்குத் தெரிந்த ஜோசியர் சொன்னபடி ஆற்றில் விடுவதற்கென்றே பெரியவர் ஒரு பழைய நூல் வேஷ்டி கொண்டுவந்திருந்தார். மடையைப் பார்த்தபின் கை வரவில்லை, வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோக மனமும் வரவில்லை. பிளாஸ்டிக் பையில் சுருட்டியதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் அவர் நின்றுகொண்டிருக்கையில், அந்த விவசாயியே சைக்கிளில் வந்தார்.

"நூல் துணின்னா எங்கிட்டக் குடுங்கண்ணே, மோட்டார் துடைக்க ஆகும்."

பெரியவர் தயங்கினார். தம்முடைய தோஷத்தை இன்னொருவன் தலையில் கட்டலாமா என்ற தர்மசங்கடம் அவருக்கு. அம்மாள்தான் பையைப் பிடுங்கிக் கொடுத்தாள்: "சனீஸ்வரன் மோட்டாரைப் பிடிச்சாப் பிடிக்கட்டும்."

"அதுக்கு ஏற்கெனவே ஏழரைதான் நடக்குது மதினி" என்று சொல்லிக்கொண்டே அவர் பையைக் கேரியரில் சொருகினார்.