தோல் விரியச் சிறிது காலம் கொடுங்கள்

மார்பகப் புற்றுநோய்க்காக மார்பகம் முழுவதும் அகற்றப்பட்டு, மறுசீரமைப்பை விரும்பும் பெண்கள் பலரும் கேட்பது, “ஏலக்காய் எடுப்புக்குள் இது முடிந்துவிடுமா?” என்பதாகும். போடி, தேவாரம், பொட்டிபுரம் பகுதிகளிலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் மலையேறும் குடும்பங்களுக்கு அது நியாயமான கேள்வி. எடுப்புக் காலத்தில் இழந்த கூலி பிறகு திரும்பி வராது. ஆயினும் தோல் ஆறும் வேகமே இச்சிகிச்சையின் வேகத்தை முடிவு செய்கிறது. அதன் காரணத்தை நோயாளியும் குடும்பத்தாரும் அறிந்திருப்பது நன்று.

திசு விரிப்பான் என்பது சிலிகோனால் ஆன வெற்றுப் பை. மார்புத் தசைக்கு அடியிலோ மேலோ இது வைக்கப்படும். இதிலுள்ள ஊசிவாய் வழியாகக் கிருமி நீக்கிய உப்புநீரைச் சிறிது சிறிதாகச் செலுத்தும்போது, கருவுற்ற தாயின் வயிற்றுத் தோலைப் போல மார்புத் தோலும் மெல்ல விரிகிறது. போதிய இடம் கிடைத்த பின் மற்றோர் அறுவைச் சிகிச்சையில் இதை எடுத்துவிட்டு, நிலையான உள்வைப்பையோ உடலின் வேறு பகுதித் திசுவையோ வைப்போம். 1957இல் சார்லஸ் நியூமன் காதைச் சீரமைப்பதற்காக ரப்பர் பலூனால் தோலை விரித்தார். 1970களில் செடோமிர் ராடோவன் இம்முறையை மார்பகத்துக்குக் கொண்டுவந்தார்.

பையின் மேற்பரப்பு

விரிப்பான்கள் இரு வகைப்படும். சொரசொரப்பான பையின் நுண்குழிகளில் உடல் திசு பற்றிக்கொள்வதால் அது எளிதில் இடம் மாறாது. வழவழப்பான பை அவ்வாறு ஒட்டாது. எனவே அதன் விளிம்பிலுள்ள சிறு காதுகளைத் தையலிட்டு நிறுத்துகிறோம். அத்தையல் உறுதிப்படும் வரை கையைத் தலைக்கு மேல் உயர்த்துவதும், சுமை தூக்குவதும், குலுங்கும் ஜீப் பயணமும் கூடாது.

சொரசொரப்பான சில உள்வைப்புகளைச் சுற்றி, அரிதாக ஒருவகை லிம்போமா புற்றுநோய் தோன்றுவது கண்டறியப்பட்டுள்ளது. 2019 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் கோரிக்கையை ஏற்று, அலர்கன் நிறுவனம் தனது பயோசெல் வகை உள்வைப்புகளையும் விரிப்பான்களையும் உலகெங்கும் திரும்பப் பெற்றது. அறிகுறி இல்லாதவர்கள் அவற்றை அகற்றிக்கொள்ளத் தேவையில்லை என்று அந்நிர்வாகம் கூறியது. ஆகவே அச்சம் வேண்டாம். உங்களுக்கு வைக்கப்பட்ட பையின் வகையும் எண்ணும் டிஸ்சார்ஜ் சம்மரியில் உள்ளனவா என்று பார்த்து, அதைப் பத்திரப்படுத்துங்கள்.

நிரப்பும் கால அளவு

அறுவையின்போதே பையை ஓரளவு நிரப்புவதுண்டு. அதன்பின் பெரும்பாலும் இரண்டு வாரம் கழித்து, காயம் ஆறியிருப்பதைக் கண்ட பிறகே அடுத்த நிரப்பலைத் தொடங்குவோம். ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பொதுவாக 50 முதல் 100 மில்லி வரை செலுத்தப்படும். மார்பகம் அகற்றப்பட்ட தோலுக்கு இரத்த ஓட்டம் குறைவு. அவசரப்பட்டு நிரப்பினால் தோல் வெளிறும். பின்னர் கருகவும் கூடும். தோல் வெளிறினால் செலுத்திய நீரில் சிறிது திரும்ப எடுத்துவிடுவோம். இது பின்னடைவு ஆகாது. ஓரிரு நாள் இறுக்கமும் வலியும் இருப்பது இயல்பு.

கதிர்வீச்சுச் சிகிச்சை தோலின் விரியும் தன்மையைக் குறைக்கிறது. எனவே அது தேவைப்படுவோருக்கு நிரப்பும் நாட்களைப் புற்றுநோய் மருத்துவருடன் கலந்து முடிவு செய்வோம். புகையிலை இரத்தக் குழாய்களைச் சுருக்கும். வெற்றிலையோடு சேர்த்து மெல்வதும் அவ்வாறே. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோயும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

மலையேறுமுன்

தோலின் மீது பாரம் குறைய, சில மருத்துவர்கள் முதலில் காற்றால் நிரப்பிப் பின்னர் உப்புநீருக்கு மாற்றுவர். போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும்போது உயரம் சுமார் 1,000 மீட்டர் கூடுகிறது. காற்றழுத்தம் குறைவதால், மூடிய சிப்ஸ் பாக்கெட் உப்புவதுபோல் பைக்குள் இருக்கும் காற்றும் விரிய முயலும். நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேலும் விரியக்கூடும். ஆறாத தோலுக்கு அது சுமை. உப்புநீர் அவ்வாறு விரிவதில்லை. உங்கள் பையில் இருப்பது காற்றா, உப்புநீரா என்று கேட்டறிந்த பின்னரே மலைப் பயணத்தை முடிவு செய்யுங்கள். பல விரிப்பான்களின் ஊசிவாயில் காந்தம் இருப்பதால், எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் விரிப்பான் இருப்பதைத் தவறாமல் தெரிவிக்க வேண்டும்.

உடனே வரவேண்டியவை

தோல் சிவத்தல், சூடு, காய்ச்சல், நீர் அல்லது சீழ் வடிதல், தையல் விடுதல், தோல் கருத்தல், பை திடீரெனச் சுருங்குதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றே வாருங்கள். வாரக் கூலி வாங்கிய பின் வரலாம் என்று காத்திருந்தால், கிருமித்தொற்று பரவிப் பையையே எடுக்க நேரலாம். அதைவிடப் பெரிய இழப்பு, காயம் ஆறாததால் கீமோதெரபி தள்ளிப்போவது.

மறுசீரமைப்பு முழுமையாக முடியப் பெரும்பாலும் பல மாதங்கள் ஆகும். ஓர் எடுப்புக் காலம் தவறலாம். அதனைக் குடும்பத்தார் முன்கூட்டியே பேசி, வீட்டு வேலையையும் தோட்ட வேலையையும் பகிர்ந்துகொண்டால், நோயாளி மன அமைதியுடன் ஆறுவார்.