கட்டிலை மறுத்த பிரிகேடியர்

பிரிகேடியர் முகமது உஸ்மானைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறார்கள்: பிரிவினையில் அவருடைய பலூச் ரெஜிமென்ட் பாகிஸ்தானுக்குப் போனது, அவர் இந்தியாவில் தங்கினார். உண்மைதான், அந்த முடிவு சாதாரணமானதுமல்ல. ஆனால் அவரை மத நல்லிணக்கச் சின்னமாக மட்டும் பார்த்தால், தளபதி காணாமல் போகிறார். காஷ்மீருக்காக நடந்த இந்திய-பாகிஸ்தான் போரில், 1947 டிசம்பரில் ஜம்முவின் ஜாங்கர் இந்தியாவின் கைவிட்டுப் போயிருந்தது. எதிரியின் அடுத்த குறி நௌஷேரா. 50-வது பாராசூட் பிரிகேடின் தலைவரான உஸ்மான் தாக்குதல் வரட்டும் என்று ஊருக்குள் காத்திருக்கவில்லை. ஊரை மேலிருந்து பார்க்கும் கோட் மேட்டை 1948 பிப்ரவரி தொடக்கத்திலேயே பிடித்தார். பிப்ரவரி 6 அன்று ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்தும் நௌஷேரா விழவில்லை.

பீரங்கி பலம்தானே காப்பாற்றியது என்று கேட்கலாம். அதற்கும் பங்குண்டு. ஆனால் மேடு எதிரியிடம் இருந்திருந்தால், ஊருக்குள் நடப்பதெல்லாம் அவர்கள் கண்ணில் பட்டிருக்கும். இழந்த ஜாங்கரையும் உஸ்மான் மறக்கவில்லை. அதை மீட்கும்வரை கட்டிலில் படுப்பதில்லை என்று அந்தக் குளிரிலும் தரையில் பாய் விரித்துப் படுத்தார். நாடகம் என்பீர்களா? வீரர்களுக்கு அது நாடகமாகத் தெரியவில்லை. மார்ச் 18-ல் ஜாங்கர் மீண்டது. அங்கேயே ஜூலை 3-ல் பீரங்கிக் குண்டுக்கு அவர் பலியானபோது வயது 36 நிறையவில்லை. மறைவுக்குப் பின் மகாவீர் சக்ரா கிடைத்தது. அடக்கம் டெல்லி ஜாமியா மில்லியாவில்.