வேலையில் இருந்துகொண்டே மேல்வேலைக்குப் போகலாமா?

காசில்லாமல் வழிகாட்ட விழுப்புரத்தில் ஓர் அலுவலகம்

சர்க்கார் உத்தியோகம் கிடைத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று ஊர் சொல்லும். மாதம் பிறந்தால் சம்பளம். அப்புறம் என்ன குறை?

குறை என்ன என்பது வேலைக்குப் போனவருக்குத்தான் தெரியும்!

திண்டிவனத்தில் குடியிருக்கும் ஓர் இளநிலை உதவியாளரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். விடிந்ததும் பஸ் ஏறுகிறார். சுமார் 40 கிலோமீட்டர் பயணம் செய்து விழுப்புரத்தில் கோப்புகளைப் புரட்டுகிறார். இருட்டிய பிறகு வீடு திரும்புகிறார். அவர் ஒரு பட்டதாரி. குரூப் 2 பரீட்சை எழுதி மேல்வேலைக்குப் போக வேண்டும் என்பது அவர் ஆசை.

"பட்டணத்தில் தங்கிப் படிக்க வேண்டுமாமே! பணத்துக்கு எங்கே போவது?" என்று மனைவி கேட்கிறார். நியாயமான கேள்விதான். பயிற்சிக் கட்டணத்துக்காக நகையை அடகு வைக்க நினைப்பவர்களும் உண்டு. சற்றுப் பொறுங்கள். முதலில் விழுப்புரத்திலேயே ஒரு கதவைத் தட்டிப் பாருங்கள்.

பட்டாளத்தாருக்காகப் பிறந்தது

அந்தக் கதவு, மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம். பெயர் நீளமாக இருந்தாலும் நமக்குப் பழகிய எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ்தான் அது.

"அங்கே பெயரைப் பதிந்துவிட்டுக் கார்டு வரும் வரை காத்திருக்க வேண்டும்" என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இந்த அலுவலகங்கள் பிறந்த கதை வேறு. இரண்டாம் உலகப்போர் 1945-ல் முடிந்தது. பட்டாளத்தில் இருந்து ஆயிரக்கணக்கானவர்கள் ஊர் திரும்பினார்கள். துப்பாக்கி பிடித்த கைக்கு வேறு வேலை தேட வேண்டியிருந்தது. அவர்களுக்கு உதவுவதற்காகவே அந்த ஆண்டில் இந்தச் சேவை தொடங்கப்பட்டது. பிறகு பொதுமக்கள் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. 1956-ல் இதன் நிர்வாகம் மாநில அரசுகளின் கைக்கு வந்தது.

ஒரு சர்க்கார் வேலையை விட்டு இன்னொரு வேலைக்குப் போகிறவருக்கு வழிகாட்டுவது இந்த அலுவலகத்துக்குப் புதிதல்ல. அதற்காகத்தான் இது பிறந்தது!

இலவச வகுப்பு

இந்த மையத்தில் தன்னார்வ பயிலும் வட்டம் என்று ஒன்று உண்டு. போட்டித் தேர்வுகளுக்கு இங்கே இலவசமாக வகுப்பு நடத்துகிறார்கள். மாதிரித் தேர்வும் வைக்கிறார்கள். தேர்வு அறிவிப்புகளை ஒட்டி வகுப்புகள் தொடங்கும். வேலையில் இருப்பவர்கள் நேரில் போய், தாங்கள் சேர முடியுமா, வகுப்பு எந்த நேரம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

வகுப்புக்குப் போக முடியாதவர்களும் மனம் தளர வேண்டாம். பொது நூலகம் இருக்கிறது. பள்ளிப் பாடப்புத்தகம் இருக்கிறது. தேர்வாணையக் கேள்விகளில் பல அந்தப் பாடப்புத்தகங்களில் இருந்துதான் வருகின்றன.

செலவுக் கணக்கையும் பாருங்கள். தேர்வாணையத்தில் நிரந்தரப் பதிவுக்குக் கட்டணம் 150 ரூபாய். அது 5 ஆண்டுக்குச் செல்லும். குரூப் 2 முதல்நிலைத் தேர்வுக்கு 100 ரூபாய். சில பிரிவினருக்குக் கட்டணச் சலுகையும் உண்டு.

எந்தப் படி, எந்தப் பரீட்சை?

பத்தாம் வகுப்புத் தேறியவர்களுக்குக் குரூப் 4. மொத்தம் 200 கேள்விகள், 300 மதிப்பெண். இதில் தமிழுக்கு மட்டும் 100 கேள்விகள். தமிழில் 150-க்கு 60 வாங்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். தமிழ்தானே என்று அலட்சியம் வேண்டாம்!

பட்டதாரிகளுக்குக் குரூப் 2. இதில் முதல்நிலை, முதன்மை என்று இரண்டு கட்டம். குரூப் 1-ல் இவற்றோடு நேர்முகத் தேர்வும் உண்டு. டெபுடி கலெக்டர் பதவிக்குப் போகும் வழி அது.

காவலர்களுக்குத் தனி வாய்ப்பு உண்டு. சப்-இன்ஸ்பெக்டர் தேர்வில் 20 சதவீத இடம் காவல்துறையில் ஏற்கெனவே பணிபுரிகிறவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது.

இருக்கும் துறையிலேயே உயர நினைப்பவர்கள் துறைத் தேர்வுகளை மறக்கக்கூடாது. இவை ஆண்டுக்கு இரு முறை, மே, டிசம்பர் மாதங்களில் நடப்பது வழக்கம். சில தாள்களைப் புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். ஆனால் எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாதவருக்குப் புத்தகம் இருந்தும் பயன் இல்லை.

பட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. பத்தாவது, பன்னிரண்டாவது, அதன் பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும். பள்ளிப் படிப்பைத் தாண்டிக் குதித்துத் திறந்தநிலையில் நேராகப் பெற்ற பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது. பணம் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொண்டு அழுவதில் பயன் இல்லை.

ஒளித்து எழுதாதீர்கள்!

இனிச் சொல்லப்போவதுதான் முக்கியம்.

"ஆபீசில் தெரிந்தால் வம்பு. ரகசியமாக எழுதுவோம்" என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. அரசு வேலையில் இருப்பவர்கள் தேர்வுக்கு விண்ணப்பிப்பதை அலுவலகத் தலைவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். சான்றிதழ் சரிபார்க்கும்போது தடையின்மைச் சான்று கேட்பார்கள். அது இல்லாமல் போனால், இரவெல்லாம் கண் விழித்துப் படித்த படிப்பு வாசலோடு நின்றுவிடும்!

வேலை கிடைத்த சந்தோஷத்தில் ராஜினாமாக் கடிதத்தை வீசிவிட்டு வருவதும் ஆபத்து. பொதுவாக ராஜினாமா செய்தால் பழைய பணிக்காலம் போய்விடும். உரிய அனுமதி பெற்று வேறு அரசுப் பணியில் சேருவதற்காக விலகினால், பழைய பணிக்காலம் விட்டுப்போகாது. எதற்காக விலகுகிறோம் என்பதைக் கடிதத்தில் தெளிவாக எழுத வேண்டும். நகலையும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

"இத்தனை லட்சம் கொடுங்கள், இடம் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது வந்தால், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள். அவர் காட்டும் வழி உத்தியோகத்துக்கு அல்ல, போலீஸ் நிலையத்துக்கு!

வீடே பள்ளிக்கூடம்

நம் திண்டிவனத்து உதவியாளருக்கு வருவோம். அவர் பட்டணம் போக வேண்டியதில்லை. நகையும் அடகுக் கடைக்குப் போக வேண்டியதில்லை. ராத்திரி சாப்பாடு ஆனதும் மகளின் எட்டாம் வகுப்புச் சரித்திரப் புத்தகத்தைக் கேட்டு வாங்கட்டும். மகள் கேள்வி கேட்கட்டும். அப்பா பதில் சொல்லட்டும்.

தப்பாகச் சொன்னால் மகள் சிரிப்பாள். சிரிக்கட்டுமே! அந்தப் பாடம் மகளுக்கும் மறக்காது, அப்பாவுக்கும் மறக்காது.