இரட்டைத் தண்டவாளமும் ஒற்றைக் கண்ணும்

பதுளை நிலையத்தில் காலையில் வண்டியேறி, தெமோதரையின் வளைவுகளையும் ஹப்புத்தளையின் பனிமூட்டத்தையும் கடந்து, ஏறத்தாழ 290 கிலோமீற்றர் தூரத்தை ஒரு பகல் முழுவதும் பிரயாணம் செய்து, கொழும்புக் கோட்டையில் வந்திறங்கும் ஊவாத் தோட்டக் குடும்பத்தின் கையில், இக்காலத்தில் பலகாரப் பொட்டலத்தோடு கமராவோ கைத்தொலைபேசியோ தவறாமல் இருக்கிறது. வெள்ளவத்தையில் சித்தப்பா வீட்டில் நான்கு நாள் தங்கி, கடலையும் தாமரைக் கோபுரத்தையும் கண்ட சந்தோஷத்தைப் படமாக்கி ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற ஆசை நியாயமானதே; ஆனால் மலையில் பழகிய கால் நகரத்தில் இடறக்கூடிய இடங்கள் சில உண்டு.

1924 இல் பதுளையை வந்தடைந்த நமது மலைப்பாதை ஒற்றைத் தண்டவாளப் பாதை. ஒரு வண்டி போய்விட்டால் அடுத்தது வர நேரமாகும் என்ற தைரியத்தில், 1921 இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தின்மேல் குடும்பமாக நின்று படமெடுப்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது. ஓடும் வண்டியின் வாசலில் தொங்கியபடி படமெடுக்க முயன்று விழுந்து இறந்தோர் இம்மலைப்பாதையிலேயே உண்டு என்பதால், அப்பழக்கத்தை இங்கேயே விட்டொழிப்பது நல்லது. கொழும்புக் கரையோரத்துக்கு அதைக் கொண்டுபோவது அதனினும் பெரிய ஆபத்து. கொள்ளுப்பிட்டி முதல் தெஹிவளை வரை கடலுக்கும் ஊருக்கும் இடையே ஓடுவது இரட்டைத் தண்டவாளம்.

சென்ற வருஷம் வெள்ளவத்தைக் கரையில் என் தங்கை மகன், அலைகளைப் பின்னணியாக வைத்துத் தாயைப் படமெடுக்கும் உற்சாகத்தில், தெஹிவளைப் பக்கம் சென்ற வண்டியின் கடைசிப் பெட்டி கடந்ததும் பாதையில் காலெடுத்து வைத்தான். அந்த வண்டியின் இரைச்சலும் கடலோசையும் ஒன்றாய்க் கலந்திருந்தமையால், மற்றைத் தண்டவாளத்தில் கோட்டை நோக்கி வந்த வண்டியின் சத்தம் அவன் காதில் விழவேயில்லை. கண்ணோ கைத்தொலைபேசித் திரையில் இருந்தது. கச்சான் விற்றுக்கொண்டிருந்த முதியவர் சட்டையைப் பற்றி இழுத்தமையால் பிழைத்தான்.

அன்று எங்கள் குடும்பம் ஒரு நியமத்தை ஏற்றுக்கொண்டது: ஒருவர் படமெடுக்கையில் இன்னொருவர் படத்தில் சேராமலும் படமெடுக்காமலும் சுற்றுமுற்றும் பார்த்து நிற்க வேண்டும். படமெடுப்பவருக்கு உலகம் ஒரு சட்டத்துக்குள் சுருங்கிவிடுகிறது. "இன்னும் ரெண்டடி பின்னால போங்க" என்று அவர் சொல்ல, போகிறவருக்குப் பின்னால் காலி வீதி இருப்பதைச் சொல்ல மூன்றாவது ஆள் வேண்டாமா?

புறக்கோட்டை நெரிசலில் கமராவின் வாரைத் தோளில் தொங்கவிடாமல், மார்பின் குறுக்கே மாட்டிக்கொள்வது உத்தமம். துறைமுகம், இராணுவ முகாம் முதலிய இடங்களில் காவலர் கையுயர்த்தினால், வாதாடாமல் கமராவை இறக்கிவிட வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படமெடுப்பதும் தவிர்க்கத்தக்கது. 2012 இல் மூன்று பிரெஞ்சுப் பயணியர், சிலையை முத்தமிடும் பாவனையில் எடுத்த படங்களுக்காகக் காலி நீதிமன்றத்தில் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை பெற்றனர். படங்களைப் பிரதியெடுக்கக் கொடுத்த கடை வழியாகத்தான் செய்தி பொலிஸுக்குப் போயிற்று.

அந்நியரைப் படமெடுக்கையில் அனுமதி கேட்பது மரியாதையும் பாதுகாப்புமாகும். இதை நமக்குப் பிறர் போதிக்க வேண்டியதில்லை. 1875 இல் இலங்கைக்கு வந்து குடியேறிய ஆங்கிலப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் காலந்தொட்டு, வீதியோரத்தில் வாகனத்தை நிறுத்திக் கொழுந்தெடுக்கும் பெண்களைப் படமெடுத்துச் செல்லும் இன்றைய உல்லாசப் பிரயாணிகள் வரை, பேர் கேளாத கமராக்கள் முன் நின்று பழகியவர்கள் நாம். கூடை சுமந்து நின்றவள் அப்போது மனத்துக்குள் அடைந்த கூச்சத்தை, புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமையும் அடைவான்.

ஊரிலிருந்து புறப்படுமுன் இரண்டு எண்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லி மனப்பாடமாக்குங்கள்: பொலிஸுக்கு 119, அம்புலன்ஸுக்கு 1990. பின்னதற்குக் கட்டணம் கிடையாது.