உடைந்த ஊசியும் கற்கும் கேமராவும்

30 இஞ்ச் டயா, 24 கேஜ் நிட்டிங் மெஷின் ஒன்றில் ஏறக்குறைய 2,260 ஊசிகள் இருக்கும். அதில் ஒரே ஒரு ஊசியின் நாக்கு வளைந்துவிட்டால் போதும், துணியின் நீளம் முழுக்க ஒரு மெல்லிய கோடு விழுந்துகொண்டே போகும். சாயம் ஏறாத கிரே துணியில் அது சட்டென்று கண்ணில் படாது. சாயம் ஏறி, காம்பாக்டிங் முடிந்து, கட்டிங் மேஜையில் விரித்த பிறகுதான் பளிச்சென்று தெரியும். அதற்குள் நூல், சாயம், தண்ணீர், கரண்டு, கூலி எல்லாம் அந்த ரோலுக்குள் போயிருக்கும். மெஷினில் கோடு விழ ஆரம்பித்த முதல் மீட்டரிலேயே யாராவது கண்டுபிடித்திருந்தால், ஊசியை மாற்றச் சில நிமிடங்கள்தான் ஆகியிருக்கும்.

இந்த வேலையைத் திருப்பூரில் இன்றுவரை பெரும்பாலும் மனிதக் கண்கள்தான் செய்கின்றன. விளக்கு வெளிச்சத்தில் துணி ஓடும்; செக்கிங் செய்பவர் குறை தெரிந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டுவார். ஏற்றுமதித் துணிக்கு ‘ஃபோர் பாயின்ட்’ கணக்கு உண்டு. 3 இஞ்ச் வரையிலான குறைக்கு 1 புள்ளி, 6 இஞ்ச் வரை 2, 9 இஞ்ச் வரை 3, அதற்கு மேல் 4. ஓட்டைக்குக் கணக்கு இன்னும் கடுமை: சின்ன ஓட்டை என்றாலும் 2 புள்ளி. 100 சதுர கெஜத்துக்கு 40 புள்ளியைத் தாண்டினால் பல பையர்கள் ரோலையே ஒதுக்கிவிடுவார்கள். எட்டு மணி நேர ஷிப்டில் ஒரே நிறத் துணியைப் பார்த்துக்கொண்டே இருப்பவரின் கண் கடைசி மணி நேரத்தில் சோர்ந்துபோவது அவருடைய குற்றமல்ல. கேமராவையும் கணினியையும் அங்கே கொண்டுவரும் முயற்சிக்கு அதுவே காரணம்.

ஆழ் கற்றல் எனப்படும் டீப் லேர்னிங்கில், எது ஓட்டை, எது எண்ணெய்க் கறை என்று யாரும் விதி எழுதித் தருவதில்லை. ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டி, ‘இது நல்லது, இது குறை’ என்று மட்டும் சொல்கிறோம். வேறுபாட்டை, ‘மாதிரி’ (மாடல்) எனப்படும் அந்தக் கணினி நிரலே கண்டுபிடித்துக்கொள்கிறது. 2012-ல் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இல்யா சட்ஸ்கெவர், ஜெஃப்ரி ஹிண்டன் ஆகியோர் உருவாக்கிய அத்தகைய மாதிரி ஒன்று, அதாவது நரம்பு வலைப்பின்னல், சுமார் 12 லட்சம் படங்களில் பயின்று, பொருள்களை அடையாளம் காணும் போட்டியில் பெரும் வித்தியாசத்தில் வென்றது. அதன் பிறகு தொழிற்சாலைகளும் இந்த வழிக்குத் திரும்பின.

திரும்பியதும் ஒரு சுவரில் முட்டிக்கொண்டன. பூனைப் படம் வேண்டுமென்றால் லட்சக்கணக்கில் கிடைக்கும். உடைந்த ஊசியின் படம் எங்கே கிடைக்கும்? ஒழுங்காக நடக்கும் ஆலையில் குறை அபூர்வம். கிடைத்த குறைத் துணியையும் யாரும் படமெடுத்து வைப்பதில்லை. வேஸ்ட்டோடு எடைக்குப் போய்விடுகிறது. ஸ்பெயினின் அல்கோய் நகரில் உள்ள ஜவுளி ஆய்வு நிறுவனமான ஐடெக்ஸ் பொதுவில் வெளியிட்ட நெசவுத் துணிப் படத் தொகுப்பு ஆராய்ச்சியாளர்களிடையே பெயர்பெற்றது. அதிலேயே மொத்தம் 245 படங்கள்தான், குறையுள்ளவை 105. அந்த 105-ம் 12 வகைக் குறைகளுக்குள் பிரிகின்றன. ஒரு வகைக்குச் சராசரியாக ஒன்பது படம்கூட இல்லை.

இங்கேதான் தரவுப் பெருக்கம் கைகொடுக்கிறது. இருக்கும் படத்தைக் கொஞ்சம் நகர்த்தி, இடவலமாகத் திருப்பி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து, ஒன்றிலிருந்து பல படங்களை உண்டாக்குவது. 2012-ன் அந்த வலைப்பின்னலே இதைச் செய்தது: 256 பிக்ஸல் படத்துக்குள் 224 பிக்ஸல் சதுரங்களை வெவ்வேறு இடத்திலிருந்து வெட்டி, திருப்பியும் போட்டு, தரவை 2,048 மடங்கு பெருக்கிக்கொண்டது. 2015-ல் ஜெர்மனியின் ஃபிரைபுர்க் பல்கலைக்கழகத்தில் உருவான ‘யூ-நெட்’ இன்னும் வியப்பானது. மின்னணு நுண்ணோக்கியில் எடுத்த வெறும் 30 படங்களை வைத்துக்கொண்டு, அவற்றை ரப்பர்போல இழுத்து வளைத்துப் பெருக்கி, செல்களின் எல்லையைப் பிரித்துக் காட்டக் கற்றது. உயிருள்ள திசு இயல்பாகவே வளையும், நெளியும். அதனால் அந்த மாற்றம் பொருந்தியது. பனியன் துணியும் இழுபடும் பொருள்தான். அதே உத்தி நிட்டிங் துணிக்கும் பொருந்துவதற்கு இதுவே காரணம்.

ஆனால் எல்லா மாற்றமும் எல்லாத் துணிக்கும் பொருந்தாது. இந்தத் துறையில் அதிகம் அலட்சியப்படுத்தப்படும் விஷயம் இது என்பேன். மென்பொருளில் பத்து வகை மாற்றங்கள் தயாராகக் கிடைக்கின்றன; எல்லாவற்றையும் டிக் செய்துவிட்டு மாதிரியை ஓடவிடுவது எளிது. ஊசிக் கோட்டின் படத்தை 90 டிகிரி சுழற்றினால் என்ன ஆகும்? நீளவாக்குக் கோடு குறுக்குக் கோடாகிவிடும். நிட்டிங் துணியில் குறுக்குப் பட்டை என்பது வேறு நோய். ஏதோ ஒரு ஃபீடரில் வேறு லாட் நூல் ஏறியிருக்கும், அல்லது நூலின் இழுவிசை மாறியிருக்கும். ஊசிக் கோட்டுக்கு ஊசியை மாற்ற வேண்டும். பட்டைக்கு நூல் கோனைப் பார்க்க வேண்டும். சுழற்றிய படத்துக்கும் ‘ஊசிக் கோடு’ என்று பெயர் போட்டுப் பயிற்சி கொடுத்தால், நாளை பட்டை விழும்போது மெஷின் ஃபிட்டரை ஊசி தேடச் சொல்லும். ஃபிட்டர் இரண்டு முறை ஏமாந்தால், மூன்றாவது முறை திரையைப் பார்க்கமாட்டார்.

இடவலத் திருப்பம் ஊசிக் கோட்டுக்குச் சரி. ஆனால் ஜீன்ஸ் போன்ற ட்வில் நெசவில் சாய்வரியின் திசையே மாறிவிடும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது நல்லது, ஏனென்றால் ட்யூப்லைட் மங்கும், லென்ஸில் பஞ்சு படியும். நிறத்தை மாற்றுவது ஓட்டையைத் தேடும் மாதிரிக்கு நல்லது. ஷேட் வேறுபாட்டைத் தேடும் மாதிரிக்கோ அதுவே நஞ்சு. படத்தைப் பெரிதாக்கினால் 2 இஞ்ச் கறை 4 இஞ்ச் ஆகி, புள்ளிக் கணக்கே மாறும். தற்செயலாக வெட்டும்போது குறை இருக்கும் மூலை வெளியே போய்விட்டால், நல்ல துணிக்கு ‘டேமேஜ்’ முத்திரை விழுந்திருக்கும். மாதிரி அதையும் நம்பிக் கற்கும்.

படத்தைச் சுருக்குவது இன்னொரு கண்ணி. பிரபலமான பல வலைப்பின்னல்கள் 224 பிக்ஸல் அகலப் படத்தைத்தான் எதிர்பார்க்கின்றன. 60 இஞ்ச் அகலத் துணியை அப்படியே 224 பிக்ஸலுக்குள் அடக்கினால், ஒரு பிக்ஸலுக்கு ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் வரும். ஊசிக் கோட்டின் அகலமோ ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே. கோடு படத்திலேயே இருக்காது. இல்லாத கோட்டை எந்த ஆழ் கற்றலும் கண்டுபிடிக்காது. துணிப் படத்தைச் சிறு சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனியே பார்க்க வைப்பதுதான் வழி.

ஒரு துணியின் ஓட்டையை வெட்டி இன்னொரு துணியின் படத்தில் ஒட்டும் முறையும் உண்டு. கவனமில்லாமல் ஒட்டினால், மாதிரி ஓட்டையைக் கற்காமல் ஒட்டிய விளிம்பைக் கற்றுவிடும். உண்மையான துணியில் அந்த விளிம்பு கிடையாது. ஆகவே உண்மையான ஓட்டையைத் தவறவிடும். கணினியே புதிய குறைப் படங்களை வரைந்து தரும் முறைகளும் வந்திருக்கின்றன. நிட்டிங் ஆலைக்கு அவற்றைவிட நேரடியான வழி இருக்கிறது என்பது என் கருத்து. ஒரு மெஷினில் வேண்டுமென்றே ஓர் ஊசியின் நாக்கை வளைத்துச் சில கிலோ துணி ஓட்டுங்கள். ஒரு ஃபீடரில் வேறு லாட் நூலை ஏற்றுங்கள். சில சொட்டு ஊசி எண்ணெய் விடுங்கள். அந்தத் துணியைப் படமெடுத்து, அதற்குப் பிறகு பெருக்குங்கள். செலவு சில கிலோ நூல். கிடைப்பது உண்மையான குறை.

குறையைக் காட்டாமல் நல்லதை மட்டும் காட்டிப் பயிற்றும் வழியும் இருக்கிறது. ஜெர்மனியின் மியூனிக் நகர எம்விடெக் நிறுவனம் 2019-ல் வெளியிட்ட தொகுப்பில் 15 வகைப் பொருள்களின் 5,354 படங்கள் உண்டு. பயிற்சிக்கான 3,629 படங்களும் குறையற்றவை. நல்லதிலிருந்து விலகுவது எதுவோ அதைச் சந்தேகி என்பது இந்த முறையின் அடிப்படை. ஊசிக் கோடா, பட்டையா என்று பெயர் சொல்லத் தெரியாது. ‘இங்கே ஏதோ சரியில்லை’ என்று மட்டும் சொல்லும். புதிதாகத் தொடங்கும் சிறு யூனிட்டுக்கு அதுவே பெரிய உதவி.

விற்க வருபவர்கள் ‘99 சதவீதத் துல்லியம்’ என்பார்கள். நூறு படத்தில் ஒன்றில்தான் குறை என்றால், எல்லாவற்றையும் ‘நல்லது’ என்று சொல்லும் மெஷினுக்கும் 99 சதவீதம்தான் வரும். இன்னொரு பிழையும் சகஜம். முதலில் படங்களைப் பெருக்கிவிட்டு, அப்புறம் பயிற்சிக்கு ஒரு பங்கு, தேர்வுக்கு ஒரு பங்கு என்று பிரிப்பார்கள். ஒரே ஓட்டையின் ஒரு நகல் பயிற்சியிலும் இன்னொரு நகல் தேர்விலும் போய் உட்கார்ந்துகொள்ளும். மாதிரி தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கிவிட்டு ஆலையில் தோற்கும். முதலில் ரோல் வாரியாகப் பிரிக்க வேண்டும்; பயிற்சிப் பங்கை மட்டும் பெருக்க வேண்டும்; தேர்வுப் படம் கேமராவிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும். வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: தேர்வு ரோல்கள் எந்த மெஷினில் ஓடியவை? நூறு குறையில் எத்தனையைத் தவறவிட்டது? ஒரு ரோலுக்கு எத்தனை முறை வீணாகக் கத்தியது?

கடைசிக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பஞ்சுத் துகளைப் பார்த்து மணிக்குப் பத்துமுறை மெஷினை நிறுத்தும் கேமராவின் வயரை ஷிப்டில் இருப்பவர் பிடுங்கிவிடுவார். அவருக்கு உற்பத்திக் கணக்கு இருக்கிறது.

இந்தக் கதையில் பேசப்படாதவர்கள் செக்கிங் தொழிலாளர்கள். எந்தக் கோடு சாயத்தில் மறையும், எது சாயத்தில்தான் வெளிப்படும் என்று அவர்களுக்குத் தெரியும். மாதிரிக்கு ‘இது குறை’ என்று சொல்லித்தரும் முத்திரைகள் எல்லாம் அவர்கள் கண்ணிலிருந்து வந்தவை. எந்தப் படத்தை எப்படித் திருப்பலாம், எதைத் திருப்பக் கூடாது என்று முடிவெடுக்கும் மேஜையில் மென்பொருள்காரர் மட்டும் உட்கார்ந்தால், முன்பே சொன்ன பிழைகள் அத்தனையும் நடக்கும். செக்கிங்கில் அனுபவமுள்ள ஒருவரையும் நிட்டிங் ஃபிட்டர் ஒருவரையும் அங்கே உட்காரவைத்து, அந்த வேலைக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். அது சலுகையல்ல, அவர்களுக்கு உரிய கூலி.

நிட்டிங் யூனிட் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேமரா வாங்குவது அடுத்த வருடமாக இருக்கட்டும். இன்று செக்கிங்கில் ஒதுக்கும் ஒவ்வொரு குறைத் துண்டையும் ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படமெடுங்கள். மெஷின் நம்பர், நூல் லாட், தேதி, குறையின் பெயர், கண்டுபிடித்த காரணம் இவற்றை அதோடு எழுதிவையுங்கள். அதன் பிறகு துண்டை எடைக்குப் போடலாம்.