உங்களுக்குத் தெரியுமா? நாற்பது வளைவுக்கு மேலே நம்ம டீம்

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் மொத்தம் 40. ஒன்பதாவது வளைவில் இறங்கி அணைக்கட்டைப் படம் பிடிப்பது வெளியூர்க்காரர் வேலை. எஸ்டேட் பையன்கள் வளைவை எண்ணுவதில்லை. மெஸ்ஸியா ரொனால்டோவா என்று ஆழியாறு செக்போஸ்ட்டில் தொடங்கும் சண்டை அட்டகட்டி தாண்டியும் ஓடும். யாருக்காவது வாந்தி வந்தால்தான் ஹாஃப் டைம்.

●

வால்பாறைக்கு இரண்டு வாசல். ஒன்று பொள்ளாச்சிப் பக்கம் இறங்கும். இன்னொன்று மளுக்கப்பாறை, அதிரப்பள்ளி வழியாகச் சாலக்குடிக்குப் போகும். பந்துப் பைத்தியம் அதிகம் ஏறி வந்தது இரண்டாவது வாசல் வழியாக என்பது என் கட்சி. சாலக்குடி சாதாரண ஊர் இல்லை. 1997-98 தேசிய லீக்கை மோகன் பகான் வென்றபோது பயிற்சியாளராக இருந்த டி.கே. சாத்துண்ணிக்கு அதுதான் சொந்த ஊர். கொல்கத்தாவின் பெரிய கிளப்புக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர், நம் மலையின் அந்தப் பக்கத்து அடிவாரத்துக்காரர். 2024 ஜூனில் காலமானார்.

●

மலையாளி நண்பர்கள் சந்தோஷ் டிராஃபி கணக்கை எடுத்தால் நமக்கு வாய் அடைத்துப்போகும். அவர்களிடம் ஏழு கோப்பை, நம்மிடம் ஒன்றும் இல்லை. 2012-ல் கட்டக்கில் இறுதி ஆட்டம் வரை போய் சர்வீசஸ் அணியிடம் 3-2 என்று தோற்றோம். அப்படி மாட்டிக்கொள்ளும்போது எடுத்து வீச ஒரு பெயர் உண்டு: சைமன் சுந்தரராஜ். கேரளம் முதல்முறை கோப்பையைத் தூக்கியது 1973-ல். அந்த அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் இந்தத் தமிழர். இன்னொன்றும் இருக்கிறது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக அவர் அடித்ததுதான் ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட கடைசி கோல். அதற்குப் பிறகு இந்திய அணி ஒலிம்பிக் பக்கமே போகவில்லை.

இதைச் சொன்னதும் எங்கள் டீக்கடைச் சேட்டன் கிளாஸைக் கழுவிக்கொண்டே, “அது கோச்சல்லே, களிச்சது ஞங்ஙள்” என்பார். வாஸ்தவம்தான், ஆடியது அவர்கள்.

●

எஸ்டேட் கிரவுண்டில் த்ரோ-இன் எடுப்பவனைவிட, வெளியே போன பந்தை எடுத்து வருபவனுக்குத்தான் தைரியம் வேண்டும். கோட்டைத் தாண்டினால் தேயிலைச் செடி. மழைக்காலத்தில் அதற்குள் அட்டை. பந்தை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறவன் முதலில் காலைத்தான் பார்ப்பான். ஸ்டாக்கிங்ஸுக்குள் புகுந்ததை அப்போது கண்டுபிடிக்க முடியாது. ஆட்டம் முடிந்து கழற்றும்போது வெள்ளை ஸ்டாக்கிங்ஸ் சிவப்பாக இருக்கும். பிய்த்து எடுக்கக் கூடாது, கடி வாய் ஆறாது என்பார்கள். கொஞ்சம் உப்பு, இல்லாவிட்டால் மூக்குப்பொடி. எங்கள் ஊர் எழுவர் போட்டிகளில் முதலுதவிப் பெட்டி வந்ததோ இல்லையோ, உப்புப் பொட்டலம் தவறாமல் வந்தது. பக்கத்துச் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்று என்பதைச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

●

2019 மார்ச் 9, சனிக்கிழமை. கோவை நேரு ஸ்டேடியம். ஐ-லீக்கின் கடைசி நாள். சென்னை சிட்டி 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39. இரண்டு அணிக்கும் ஒரே நேரத்தில் ஆட்டம். இங்கே நமக்கு எதிரி மினர்வா பஞ்சாப், அங்கே கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிரி கோகுலம் கேரளா. நாம் ஜெயித்தால் பேச்சே இல்லை. டிரா ஆகி, அங்கே அவர்கள் ஜெயித்துவிட்டால் கோப்பை கொல்கத்தாவுக்கு.

தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவரோடு காலையிலேயே மலை இறங்கிவிட்டேன். வ.உ.சி. பூங்காப் பக்கமிருந்து உள்ளே போய் உட்கார்ந்து, வாங்கிய கடலைப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை, மூன்றாவது நிமிடத்தில் மினர்வா கோல். ரோலண்ட் பிலாலா. கேலரியில் சத்தமே இல்லை. பின்வரிசையில் ஒருவர் மட்டும், “மலையிலிருந்து வந்தவங்க யாரோ கண்ணு வெச்சுட்டாங்க” என்றார். எங்களைத்தான் சொன்னாரோ என்று அண்ணன் தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார்.

இரண்டாம் பாதியில் பெனால்டி கிடைத்தது. பெட்ரோ மான்சி போட்டார், 1-1. அந்த சீசனில் அவருக்கு அது 21-வது கோல். சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவுக்கும் 21. பிறகுதான் வேடிக்கை. கோழிக்கோட்டில் கோகுலம் முதலில் கோல் போட்டுவிட்டது என்று பக்கத்தில் ஒருவர் போனைத் தூக்கிக் காட்டினார். வருஷம் பூராவும் சேட்டன்மாரோடு மல்லுக்கட்டிய அண்ணன் எழுந்து நின்று, “கோகுலம்! கோகுலம்!” என்று கத்தினார். இங்கே கௌரவ் போரா தலை நீட்டினார். முன்னே நின்று அடிக்கிறவர் இல்லை, பேக்கு. அவர் ஒரு கோல் போட்டு 2-1. அதற்குள் அங்கே ஈஸ்ட் பெங்கால் இரண்டு போட்டுத் திருப்பிவிட்டது. மினர்வா இன்னொரு கோல் போட்டால் எல்லாம் போச்சு என்ற நிலை. இன்ஜுரி டைமில் அதே போரா மூன்றாவதை உள்ளே தள்ளினார். 3-1. கடைசிக் கணக்கு 43-க்கு 42.

ஆட்டம் முடிந்து உக்கடம் வந்து, பொள்ளாச்சி போய் மலை பஸ்ஸைப் பிடிக்கிற கதையெல்லாம் ஆகாது என்று தெரிந்துதான் போயிருந்தோம். சிங்காநல்லூர்ச் சித்தி வீட்டில் படுத்தோம். கடலைப் பொட்டலம் பிரிக்காமலே சித்தி வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

●

மறுநாள் ஊரில் கோப்பையைவிடப் பெயர்தான் பெரிய பஞ்சாயத்து. அணியின் பெயர் சென்னை. ஆடுவது கோவையில். பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர். கோல் குவித்த மான்சி உருகுவேயில் பிறந்து ஸ்பெயினிலிருந்து வந்தவர். கடைசி நாளைக் காப்பாற்றிய போரா அசாம்காரர். “இதுல நம்ம டீம் எங்கீங்க இருக்குது?” என்று கேட்டார் ஒரு பெரியவர். கோவைக்காரரான அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜைச் சொன்னோம். “ரொமாரியோவா? அது பிரேசில்காரன் பேராச்சே!” என்றார்.

அதே கிளப் 1946-ல் நேதாஜி பெயரில் தொடங்கப்பட்டது என்று சொல்லி அவரை இன்னும் குழப்ப யாருக்கும் மனசு வரவில்லை.

●

தீராத வழக்கு ஒன்று: மைக்கேல் சூசைராஜ் போனது நல்லதா கெட்டதா? குமரி மாவட்டம் இரவிபுத்தன்துறைக்காரர். 2017-18-ல் சென்னை சிட்டிக்கு ஆடி, ஐ-லீக்கின் சிறந்த நடுக்கள ஆட்டக்காரர் விருதை வாங்கினார். அடுத்த சீசனே ஜம்ஷெட்பூர் கொத்திக்கொண்டு போய்விட்டது. அவர் இல்லாத அந்த வருஷம்தான் கோப்பை வந்தது. அவருடைய சகோதரர் ரெஜின் கோப்பை வென்ற அந்த அணியில் இருந்தார். ‘சூசைராஜ் இருந்திருந்தால் கடைசி நாள் வரைக்கும் இழுத்திருக்காது’ என்பது ஒரு கட்சி. ‘இருந்திருந்தால் எல்லாரும் அவன் காலையே பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள்’ என்பது இன்னொரு கட்சி. எனக்கு முதல் கட்சிதான். மெயில் வண்டி மாதிரி அவர் இடது ஓரத்தில் ஏறுவதை நேரில் பார்த்தவர்கள் வேறு கட்சிக்குப் போக மாட்டார்கள்.

●

சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் 2019-ல் சென்னை சிட்டியின் 26 சதவீதப் பங்கை வாங்கியது. ஆசியப் போட்டிக்கும் இடம் கிடைத்தது. ஆனால் 2020-ல் பஹ்ரைனின் அல் ரிஃபாவோடு நடந்த ‘ஹோம்’ ஆட்டம் அகமதாபாத்தில். மான்சி ஜப்பானுக்குப் போனார். 2021-க்குப் பிறகு ஐ-லீக்கில் இந்த அணியையே காணோம். ஜெர்சி மட்டும் எங்கள் வீட்டுக் கொடியில் காய்கிறது.

●

இன்னொரு சென்னை அணியான சென்னையின் எஃப்.சி. 2015-ல் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றது பலருக்கும் தெரியும். கோவாவில், 90-வது நிமிடம் தொடங்கும்போது 2-1 என்று பின்தங்கி இருந்து, கோவா கோலி கட்டிமனியின் கையில் பட்டு ஒரு கோல், மெண்டோசா காலில் ஒரு கோல், ஆக 3-2. அதற்கு முந்தைய வாரக் கதையைத்தான் மறந்துவிடுகிறோம். டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கியிருந்ததால், அரையிறுதியின் சொந்த ஊர் ஆட்டத்தைப் புனேவுக்கு மாற்றினார்கள். கொல்கத்தாவை 3-0 என்று அடித்தார்கள். பி ஸ்டாண்ட் புளூஸ், சூப்பர் மச்சான்ஸ் என்று தொண்டை கிழியக் கத்துகிற ரசிகர் கூட்டங்கள், அணியின் மிகப்பெரிய ஹோம் ஆட்டத்தைத் தங்கள் கேலரியில் பார்க்கவே இல்லை.

●

மலையில் கால்பந்து என்றால் வால்பாறைதான் என்று சொன்னால் நீலகிரிக்காரர்கள் சும்மா விட மாட்டார்கள். குன்னூர் பக்கத்து வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பையை வென்றது. அங்கே சென்டர் ஃபார்வேடாகத் தொடங்கியவர் பீட்டர் தங்கராஜ். யாரோ அவரை கோல் போஸ்ட்டுக்கு நடுவில் நிறுத்தினார்கள். பிறகு அவரை அங்கிருந்து யாராலும் நகர்த்த முடியவில்லை. 1962 ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியின் கோலி அவர்.

எங்கள் கிரவுண்டிலும் கோல் போட மாட்டாதவனைத்தான் கோலி ஆக்குவோம். தங்கராஜ் யாரும் வரவில்லை.

●

எஸ்டேட்காரர்களுக்குக் கடல் கடந்த சொந்தம் ஒருவர் உண்டு. மலேசியாவின் ஆர். ஆறுமுகம். நீண்ட கையால் ‘ஸ்பைடர்மேன்’ என்று பேர் வாங்கிய கோலி. 1980-ல் கோலாலம்பூரில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. போகவில்லை. ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்துப் புறக்கணித்துவிட்டார்கள். ஆறுமுகம் 1988-ல் கார் விபத்தில் இறந்தார். அந்தத் தகுதிச்சுற்றுக் கதையை வைத்து 2016-ல் ‘ஓலா போலா’ என்று ஒரு மலேசியப் படம் வந்தது. அதில் வரும் கோலியின் பெயர் முத்து.

●

2022 உலகக் கோப்பை சமயத்தில் கோழிக்கோட்டுப் புள்ளாவூர் ஆற்றுக்குள் 30 அடி மெஸ்ஸியை நிறுத்தினார்கள். பக்கத்தில் 40 அடி நெய்மார் வந்தார். பிறகு இருவரையும்விட உயரமாக ரொனால்டோ. ஃபிஃபாவே அந்தப் படத்தைப் பகிர்ந்தது. இங்கே மலைக் காற்றுக்கு அந்தப் பாச்சா பலிக்காது. எங்கள் லைன் வீட்டு வாசலில் கட்டிய பத்தடி மெஸ்ஸி இரண்டே நாளில் கிழிந்து பள்ளத்தில் இறங்கிவிட்டார். இறுதி ஆட்டத்தன்று பையன்கள் போய்த் தேடி எடுத்து வந்தார்கள். இடது கால் கிடைக்கவில்லை.

●

பிரேசில் ரசிகர்கள் இதைத் தாண்டிப் போகலாம். 2014 அரையிறுதியில் ஜெர்மனி 7, பிரேசில் 1. நமக்கு அது நள்ளிரவு ஒன்றரை மணி ஆட்டம். 23-வது நிமிடத்துக்கும் 29-வது நிமிடத்துக்கும் நடுவில் நாலு கோல். அந்த நேரம் பார்த்து எங்கள் லைனில் கரண்ட் போய் வந்தது. வந்ததும் திரையில் 5-0. டி.வி. கெட்டுப்போச்சு என்று ஒருவர் பெட்டியைத் தட்டினார். காலையில் மஸ்டரில் பேர் கொடுக்க வந்த பிரேசில்காரர்கள் பச்சைத் தேயிலையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

●

திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற பையன்தான் ஐ.எம். விஜயன். 1999 தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் பூடானுக்கு எதிராக 12-வது விநாடியில் கோல் போட்டவர். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அவரை ‘திமிரு’ படத்து வில்லனாகத்தான் தெரியும்.

●

2023 ஆகஸ்ட் 12, டூரண்ட் கோப்பையில் கொல்கத்தா டெர்பி. நாலரை வருஷமாக மோகன் பகானை ஜெயிக்க முடியாமல் தவித்த ஈஸ்ட் பெங்கால், 1-0 என்று ஜெயித்தது. வலது ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி, இடது காலால் வளைத்து அந்த ஒரே கோலைப் போட்டவர் சென்னைப் பையன் நந்தகுமார் சேகர்.

டீக்கடையில் போனை டம்ளர் மேல் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். 2019-ல் ஈஸ்ட் பெங்கால் தோற்க வேண்டும் என்று நேரு ஸ்டேடியத்தில் கோகுலத்துக்குக் கத்தின அதே ஃபேக்டரி அண்ணன், பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்ததில் டம்ளர் கவிழ்ந்தது.

“ஏண்ணா, ஈஸ்ட் பெங்கால் எப்பண்ணா நம்ம டீம் ஆச்சு?” என்று கேட்டேன்.

“இப்பத்தான் ஆச்சு. நீ துணி எடு மொதல்ல, போன் நனையுது.”