நாற்பதில் ஒரு விளையாட்டு



“சர்க்கரை இருக்கிறது; தினமும் நடந்து வாருங்கள்” என்று மருத்துவர் சொல்லி அனுப்புகிறார். நம்மவரும் நான்கு நாள் நடக்கிறார். ஐந்தாம் நாள் மழை. ஆறாம் நாள் உறவினர் வீட்டு நிக்காஹ். ஏழாம் நாளிலிருந்து காலணி வாசலிலேயே தூசி படிந்து கிடக்கிறது. மருந்தாக எண்ணிச் செய்யும் காரியத்தின் கதி பெரும்பாலும் இதுதான். அஸர் தொழுகை எப்போது முடியும், எப்போது புறப்படலாம் என்று மனம் எதிர்பார்க்கும் ஒன்றே நீடிக்கும். உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதல், வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்களாவது மிதமாக உடலை இயக்க வேண்டும் என்கிறது. அந்த நிமிடங்களை எண்ணி எண்ணிக் கழிப்பதா, மகிழ்ந்து கழிப்பதா என்பது நம் கையில் இருக்கிறது.

“பிள்ளைக்குச் சம்பந்தம் பேசுகிற வயதில் விளையாட்டா?” என்று முகம் சுளிப்போர் நம் மஹல்லாக்களில் உண்டு. அவர்கள் சற்றுச் சிந்திக்கட்டும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தின்போது உடன் வந்தோரை முன்னே போகச் சொல்லிவிட்டு அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். முதல் முறை அன்னையார் வென்றார்கள். பின்னொரு காலத்தில் அன்னையார் உடல் பருத்திருந்தபோது நடந்த பந்தயத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் வென்று, அதற்கு இது ஈடு என்று வேடிக்கையாகக் கூறினார்கள். ஹிஜ்ரத்திற்குப் பிந்திய நிகழ்ச்சி இது. அப்படியானால் நாயகம் (ஸல்) அவர்களுக்கு அப்போது ஐம்பது வயது கடந்திருந்தது. ஒரு சமுதாயத்தின் பொறுப்பு முழுவதையும் தோளில் சுமந்தவர்களுக்கு ஓட நேரம் இருந்தது!

புதிதாகத் தொடங்குவோருக்கு இதனினும் பொருத்தமான செய்தி ஒன்று புகாரியில் இருக்கிறது. மதீனாவில் குதிரைப் பந்தயம் நடந்தபோது, பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை, ஏறத்தாழ ஐந்தாறு மைல் தூரம் வகுக்கப்பட்டது. பயிற்சி பெறாத குதிரைகளுக்கோ ஒரு மைல் அளவே. குதிரைக்குக் காட்டப்பட்ட இந்தப் பரிவை நாம் நம் முழங்காலுக்குக் காட்டுவதில்லை. இருபது ஆண்டு நாற்காலியில் அமர்ந்திருந்தவர் முதல் நாளே இளைஞரோடு போட்டியிட்டு மறுநாள் தைலம் தேடுகிறார். தசை விரைவில் பழகிவிடும். தசைநார் பழக மாதங்கள் ஆகும். ஆகையால் முதல் மாதத்தில் “இன்னும் கொஞ்சம் ஆடியிருக்கலாமே” என்ற ஆவலுடனேயே வீடு திரும்புங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், நெஞ்சுவலி உடையோர் மருத்துவரிடம் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும்.

இனி, வடசென்னையில் எதைத் தேர்ந்தெடுப்பது?

கடற்கரை ஊர்தானே என்பர் வெளியூரார். சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்துவிட்டன. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் தொடங்கிக் கரை கரைந்தது. அவர்களுக்கு மணல், நமக்குக் கருங்கற்கள்! அக்கற்களினிடையே நீந்துவது உயிருக்கு ஆபத்து. எண்ணூர் முகத்துவாரமோ அனல்மின் நிலையச் சாம்பலைப் பல்லாண்டு சுமந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய்ப் படலமும் அதில் பரவியது. நீச்சல் விரும்புவோர் முறையான நீச்சல் குளத்திற்கே செல்வது நலம்.

நடை, மிதிவண்டி ஆகியவற்றில் இன்பம் காண்போருக்கு ஒரு குறிப்பு. கன்டெய்னர் லாரிகள் செல்லும் நெடுஞ்சாலையை விட்டு விலகுங்கள். திருவொற்றியூருக்கு மேற்கே மணலி ஆலைகள் உள்ளன. விடியலில் நிலக்காற்று அந்த நெடியைக் கொண்டுவரும். கோடையில் பிற்பகல் முதல் கடற்காற்று அதை அப்புறப்படுத்தும். அதிகாலையே சிறந்தது என்ற பொது விதி இங்கே எல்லா நாளும் பொருந்தாது. அஸருக்குப் பிந்திய நேரம் நமக்கு வாய்ப்பானது. இராயபுரத்தார்க்கு இராபின்சன் பூங்கா இருக்கிறது.

குத்துச்சண்டை இம்மண்ணின் கலை. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரைகளின் பெயரை இன்றும் பெரியவர்கள் பெருமையோடு சொல்வர். 1980ஆம் ஆண்டில் முஹம்மது அலி சென்னை நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியதைக் கண்டவர் இப்பகுதியில் பலர். ஆனால் முகத்தில் அடிப்பதை மார்க்கம் தடுத்திருக்கிறது. அலி அவர்களுக்கு 1984இல் நடுக்குவாதம் கண்டறியப்பட்டபோது, தலையில் வாங்கிய குத்துகளுக்கும் அதில் பங்குண்டு என மருத்துவர் பலர் கருதினர். எனவே கயிறு தாண்டுதல், மணல் மூட்டையைக் குத்துதல், கால் பயிற்சி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வியர்வைக்கு அதுவே தாராளம்.

என்னைக் கேட்டால் சிலம்பத்தைச் சொல்வேன். செலவு ஒரு மூங்கில் கம்பு; தரையில் ஊன்றினால் நெற்றியை எட்டும் உயரம் போதும். தொடக்கத்தில் கம்பை மறந்து காலடி வரிசையைப் பழக வேண்டும். இதில்தான் பெரியவர்கள் பொறுமை இழக்கிறார்கள். சுழற்றத்தானே வந்தோம் என்கிறார்கள். காலடி அமையாமல் கம்பு சுழன்றால் சொந்தக் கணுக்காலிலேயே அடி விழும். பிறகு ஒரு நாள், இரு கைகளும் தாமாக மாறிப் பிடிக்க, கம்பு காற்றில் ஓசை எழுப்பும். அந்த ஓசைக்காகவே மறுநாளும் போகத் தோன்றும். எதிரி தேவையில்லை, தோல்வியும் இல்லை; தோள், மணிக்கட்டு, இடுப்பு, கண் அனைத்தும் வேலை செய்யும். கந்தூரி ஊர்வலங்களில் நம் முன்னோர் ஆடிய ஆட்டம்தான் இது. (கந்தூரி பற்றிய விவாதம் இங்கே வேண்டாம்.) மண்ணைத் தொட்டு வணங்கித் தொடங்கும் முறை சில கூடங்களில் உண்டு. நமக்கு அது ஆகாது என்பதை முதல் நாளே ஆசானிடம் பணிவுடன் தெரிவித்து, ஸலாம் கூறித் தொடங்க அனுமதி கேளுங்கள். சர்க்கரை உடையோர் வெறுங்காலுடன் ஆடலாகாது.

காசிமேட்டு மகள் காசிமா 2024ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றதை அறிவீர்கள். ஆட்டோ ஓட்டுநரின் மகள். மகளுக்குப் பயிற்சி அளிக்க முன்வரும் நாம் மகளின் தாயைப் பற்றி எண்ணுகிறோமா? பருவம் எய்திய நாளில் ஓடுவதை நிறுத்திய பெண், முப்பது ஆண்டுகள் கழித்து மூட்டு வலிக்குத்தான் வெளியே வருகிறாள். இறகுப்பந்தோ, கயிறு தாண்டுதலோ, சிலம்பமோ, அவளுக்கும் ஒன்று வேண்டும். மொட்டை மாடி போதும். தாயும் மகளும் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே அரை மணி நேரம் ஆடட்டும்; அந்நேரம் ஆண்கள் தேநீரைத் தாமே போட்டுக்கொள்ளலாம். சுவர் தாழ்வாக இருந்தால் கொடியில் பழைய சேலைகளைக் கட்டி மறைத்துக்கொள்ளலாம். நம் சந்துகளில் மின்கம்பிகள் மாடியை உரசியே செல்கின்றன. கம்பை உயர்த்துமுன் தலைக்கு மேலே ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.